நெசவுச் சொத்துகளின் சுழற்சி மேலாண்மை

தலைமை அலுவலகத்திலிருந்து என் விண்ணப்பம் ஆறாவது முறையாகத் திரும்பி வந்தது. முதல் ஐந்து முறை "தொடர்பற்ற அனுபவம்" என்று கையால் எழுதி அனுப்பியவர்கள், இந்தத் தடவை அதற்கென்று ஒரு ரப்பர் முத்திரையே செய்துவிட்டிருந்தார்கள். என்னைப் போன்றவர்கள் பெருகிவிட்டோம் என்பதும், எழுதி எழுதி அங்கே யாருக்கோ விரல் வலி வந்துவிட்டது என்பதும் அதிலிருந்து தெரிந்தது.

அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"முத்திரையெல்லாம் பளிச்சுனு இருக்கே. வேலை கொடுத்ததுக்கா?"

"கொடுக்காததுக்கும்மா."

"இதுக்குப் போயா இவ்வளவு நல்ல மை?"

நான் கேட்டிருந்தது கோப்பு அறை எழுத்தர் வேலை. கோப்பு வரும், அடுக்க வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. துணி வரும், அடுக்க வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். நடுவில் துவைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். கோப்புகளையும் அப்படி ஒரு தடவை அலசினால் தேவலை என்று பிற்பாடு நேரில் பார்த்தபோது தோன்றியது.

என்னிடம் ஒரு பட்டமும் இருந்தது. எங்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் பட்டம். அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் விரிசல் விட்ட இடமாகப் பார்த்து மாட்டினாள். விரிசல் மறைந்தது. அந்தத் தேதிவரை பட்டத்தால் கிடைத்த பயன் அதுதான்.

அந்த மாதக் கடைசியோடு சலவைக்கூடத்தை மூடப்போகிறார்கள். துணியெல்லாம் வெளியே ஒரு நிறுவனத்துக்குப் போகும். நாங்கள் இருபத்துமூன்று பேர் வீட்டுக்குப் போவோம். அம்மாவும் அந்த இருபத்துமூன்றில் ஒருத்தி. அதாவது ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு அடுப்பு அணையும். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் இருப்பது ஒரு அடுப்புதான்.

திரும்பி வந்த உறைக்குள் இன்னொரு துண்டுச் சீட்டும் இருந்தது. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு விண்ணப்பிப்பவர்கள், தங்களிடம் ஏற்கெனவே உள்ள திறன்களைப் புதிய துறைக்கு ஏற்றபடி எடுத்துவைக்கக் கற்றுத்தரும் மூன்று நாள் "திறன் முன்வைப்புப் பயிற்சி"யை முடித்தால்தான் நேர்காணலுக்கு அழைக்கப்படுவார்கள். நான் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

பயிற்சி, தலைமை அலுவலகத்தின் நான்காவது மாடியில். மின்தூக்கியில் "பழுது" என்று எழுதிய அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழுதாகி நூலால் கட்டப்பட்டிருந்தது. கூடத்தில் நாற்பது நாற்காலிகள், முப்பத்தொன்பது பேர். பயிற்சியாளர் கோட் போட்டிருந்தார். கோட்டின் தோள்பட்டை அவருடைய தோள்பட்டையைத் தாண்டியும் இரண்டு விரற்கடை போயிற்று.

"உங்ககிட்ட என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாது," என்று ஆரம்பித்தார். "அதைச் சொல்லத்தான் நான் இருக்கேன். முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். திறமை முக்கியமில்ல, முன்வைக்கிறதுதான் முக்கியம். திறமை யார்கிட்ட வேணா இருக்கும். அதைப் பார்த்து வேலை கொடுக்க ஆரம்பிச்சா இந்தக் கட்டடத்துல யார் மிஞ்சுவா சொல்லுங்க?"

அவரே கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

முதல் நாள் முழுவதும் அகராதி. எண்பத்துநாலு பக்கத்தில் ஒரு புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தார். இடப்பக்கம் நாங்கள் செய்கிற வேலை. வலப்பக்கம் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது. "சமையல்" என்பதற்கு நேராக "மூலப்பொருள்களின் வெப்பவழி உருமாற்றம்" என்று இருந்தது. "காவல் காத்தல்" என்பதற்கு நேராக "நுழைவுக் கொள்கையின் நேரடி அமலாக்கம்." "சும்மா இருத்தல்" என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், அந்தப் பகுதியை அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்பது படிக்கும்போதே தெரிந்தது.

ஒவ்வொருவராக எழுந்து நின்று சொல்ல வேண்டும். என் முறை வந்தது.

"ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறேன் சார்."

கூடத்தில் யாரோ இறந்துவிட்ட செய்தி வந்ததுபோல அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த வார்த்தை வேண்டாம்மா. துவைக்கிறதுன்னு சொன்னா அவங்க மனசுல என்ன வரும்? ஈரம் வரும். கோப்பு அறைக்கு ஈரம் ஆகுமா? பதினாறாம் பக்கம் பாரு."

பதினாறாம் பக்கத்தில் "நெசவுச் சொத்துகளின் சுழற்சி மேலாண்மை" என்று இருந்தது.

"மடிச்சு வைக்கிறதையும் சேர்த்துச் சொல்லலாமா சார்?"

"மடிக்கிறது இல்ல. பரப்புச் சுருக்கம்."

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர். இருபது வருடமாக வெட்டுகிறார். இடுப்பு விட்டுப்போனதால் பூங்காத் துறைக்கு மாறப் பார்க்கிறார். நல்ல மனிதர், பென்சிலைக் கடப்பாரை பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நானும் மண்ணுல குழி தோண்டி உள்ள வைக்கிறவன்தாங்க," என்றார் எழுந்து. "என்ன ஒண்ணு, இதுவரைக்கும் நான் நட்டது எதுவும் முளைக்கல."

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. அகராதியைப் புரட்டி, "நீண்டகால நிலத்தடி இருப்பிடத் தீர்வுகள்" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். குழிவெட்டி அண்ணன் எழுதி முடித்துவிட்டு என் காதருகே கேட்டார்.

"தங்கச்சி, இதைப் படிச்சா வீடு கட்டி விக்கிறவன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

"நினைச்சா என்னண்ணே? கூப்பிடுவாங்கல்ல?"

"கூப்பிடுவாங்க. வீட்டைக் காட்டுன்னா எங்க கூட்டிட்டுப் போறது?"

இரண்டாம் நாள் கதை. ஒவ்வொரு திறனையும் மூன்று பத்தியில் கதையாகச் சொல்ல வேண்டும்: நிலைமை, நடவடிக்கை, விளைவு. விளைவில் ஒரு சதவிகிதம் கட்டாயம் வர வேண்டும். சதவிகிதம் இல்லாத விளைவு, விளைவே இல்லை.

நான் என் கதையைச் சொன்னேன். சலவைக்கூடத்தில் அடிக்கடி துணி காணாமல் போகும். நான் வந்த பிறகு மூட்டைக்கு மூட்டை வில்லை கட்டி, எந்த வார்டு, எந்த வேளை என்று குறிக்க ஆரம்பித்தோம். இப்போது காணாமல் போவதில்லை.

"எத்தனை சதவிகிதம் குறைஞ்சுது?"

"போறதே இல்ல சார்."

"அப்படின்னா நூறு. நூறுன்னு போட்டா பொய் மாதிரி இருக்கும்மா. முப்பத்தேழுன்னு போடு."

"முப்பத்தேழுதான் சார் பொய்."

"ஆனா உண்மை மாதிரி இருக்கும். முழு எண்ணை யாரும் நம்ப மாட்டாங்க. நாற்பதுன்னு சொன்னா தோராயமாச் சொல்றான்னு தெரிஞ்சிடும். முப்பத்தேழுன்னு சொன்னா எவனோ உட்கார்ந்து எண்ணியிருக்கான்னு நினைப்பாங்க."

அன்றைக்கு மாலைக்குள் முப்பத்தெட்டு பேர் முப்பத்தேழு சதவிகிதம் முன்னேறியிருந்தோம். ஒருவர் மட்டும் விலக்கு. குழிவெட்டி அண்ணன் எழுந்து, இருபது வருடத்தில் தன் வாடிக்கையாளர் ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை என்றார். பயிற்சியாளர் அகராதியை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் அவருக்கு மட்டும் நூறு போட அனுமதி கிடைத்தது.

இடைவேளையில் பயிற்சியாளர் சன்னலோரம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கவில்லை.

"சார், நீங்க இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"இதேதான்மா. பதினோரு வருஷமா."

"வேற எங்கயும் போகத் தோணலையா?"

"ஒன்பது இடத்துக்குப் போட்டேன்." கோப்பையின் அடியைப் பார்த்தார். "தொடர்பற்ற அனுபவம்னு வந்துச்சு."

மூன்றாம் நாள் சாட்சிக் கையெழுத்து. படிவத்தில் எழுதிய என் ஏழு திறன்களையும் நான் உண்மையிலேயே பெற்றிருக்கிறேன் என்றும், அவற்றை எடுத்துக்கொண்டு நான் வெளியே போவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் பழைய துறையின் பொறுப்பாளர் எழுதித் தர வேண்டும். படிவத்தை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்கு ஓடினேன். எங்கள் பொறுப்பாளர் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் படித்தார்.

"நெசவுச் சொத்துகளின் சுழற்சி மேலாண்மை... இதெல்லாம் நீயா செஞ்ச?"

"ஆமா சார்."

"எங்க?"

"இங்கதான் சார்."

அவர் சுற்றிலும் பார்த்தார். இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. நீராவிக்குள் அம்மா ஒரு போர்வையின் ஒரு முனையையும் இன்னொருத்தி மறுமுனையையும் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடம் தனக்குத் தெரியாமல் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்கிற பயம் அவர் முகத்தில் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார். பிறகு குரலை இறக்கினார். "நானும் மாசக் கடைசில நடுத்தெருதான். இந்த நாலாவது திறன், 'நெருக்கடிச் சூழலில் நிதானம்'... இதை எனக்கு விட்டுக்கொடேன். உனக்கு இன்னும் ஆறு இருக்குல்ல?"

கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிவத்தைப் பார்த்தாள். "இதுல உன் பேரு எங்க இருக்கு? அதாவது நம்ம வேலை எங்க இருக்கு?"

"எல்லாம் இருக்கும்மா. வேற சட்டை போட்டிருக்கு."

"அடையாளம் தெரியலடி."

"தெரியக் கூடாதுன்னுதான்."

"அப்ப வேலைக்கு வேற யாரையோதான் எடுக்கப்போறாங்க," என்றுவிட்டு அடுத்த போர்வைக்குப் போனாள்.

நேர்காணல் அடுத்த வாரம், மூன்றாவது மாடியில், கோப்பு அறையை ஒட்டிய அறையில். கதவு திறந்திருந்ததால் உள்ளே பார்க்க முடிந்தது. கோப்புகள் அடுக்கில் இல்லை. அடுக்குகள்தான் கோப்புகளுக்குள் எங்கோ இருந்தன. எழுத்தர் பணியிடம் நான்கு வருடமாகக் காலி. பொருத்தமாக முன்வைக்கிறவர் யாரும் கிடைக்கவில்லையாம்.

குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், உயரம் குறைந்தவர், ஆனால் மேசைக்கு மேல் கம்பீரமாகத் தெரிந்தார். அவருக்கு வலப்புறம் மதிப்பெண் போடும் அம்மையார், அவர் முன்னால் அதே அகராதி. இடப்புறம் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வெளியிலிருந்து வந்த நடுநிலையாளர் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் மேசை விளிம்பு என் மூக்குக்கு நேராக வந்தது. விண்ணப்பதாரர் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பது உடல்மொழி விதியாம்.

நான் வாய் திறப்பதற்குள் ஓர் உதவியாளர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"கிடைச்சுதா?" என்றார் தலைவர்.

"தேடிட்டு இருக்கோம் சார்."

"வெள்ளிக்கிழமை நான் ஓய்வு பெறணும்யா! என் பணிப்பதிவுக் கோப்பு இல்லாம எப்படிப் பெறுவேன்? முப்பத்துநாலு வருஷம் நான் வேலை பார்த்தேன்னு எவன் நம்புவான்?"

"பச்சை நாடா கட்டினது, ஓரத்துல டீ கொட்டினதுதானே சார்? எல்லா அறையும் பார்த்துட்டோம். கழிப்பறைகூடப் பார்த்தாச்சு."

"மறுபடி பாரு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மேலிடத்துக்குப் போயாகணும். போகலன்னா ஓய்வூதியம் அடுத்த வருஷம்தான்."

உதவியாளர் ஓடினார். தலைவர் முகத்தைச் சரிசெய்துகொண்டு என் படிவத்தை எடுத்தார். நெடுநேரம் படித்தார்.

"நெசவுச் சொத்து... சுழற்சி... ஏம்மா, இவ்வளவு பெரிய வங்கி வேலையை விட்டுட்டு ஏன் இங்க வர்றீங்க?"

"வங்கி இல்ல சார். ஆஸ்பத்திரி சலவைக்கூடம்."

அம்மையார் பேனாவை மூடினார். "அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. ஒரு தடவைக்கு ரெண்டு மதிப்பெண் போகும்."

"சரிங்க மேடம். துணி துவைக்கிறேன்."

"நாலு," என்றார் அம்மையார்.

"தேடிக் கண்டுபிடிக்கும் திறன்னு ஒண்ணு போட்டிருக்கீங்க," என்றார் தலைவர். "அதுக்கு ஒரு கதை சொல்லுங்க. நிலைமை, நடவடிக்கை, விளைவு."

நான் நடந்ததையே சொன்னேன். ஒரு நாள் அழுக்கு மூட்டையில் விரிப்புக்குள் சுருண்டு ஒரு காதுக் கருவி வந்தது. வில்லையைப் பார்த்து வார்டைக் கண்டுபிடித்தேன். விரிப்பில் இருந்த மஞ்சள் கறை முட்டிக்குத் தடவுகிற களிம்பு. அந்த வார்டில் முட்டிக்கு மருந்து போடுகிறவர் இரண்டே பேர். அதில் காது கேட்காதவர் ஒருவர். கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையிலிருந்து யாருமே தன்னிடம் பேசவில்லை என்று அந்தப் பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"விளைவு?" என்றார் அம்மையார்.

"அவருக்குக் காது கேட்டுச்சு."

"சதவிகிதம்?"

"ஒரு காது மேடம்."

"அப்ப ஐம்பது," என்று எழுதிக்கொண்டார். "பாதி மதிப்பெண்தான் வரும்."

உதவியாளர் மறுபடி எட்டிப் பார்த்தார். தலைவர் புருவத்தைத் தூக்கினார். உதவியாளர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். தலைவரின் நெற்றியில் வியர்வை. கூடிப் பேசினார்கள், கூடிப் பேசுவதற்காக நடுநிலையாளரை எழுப்பினார்கள். என்ன முடிவு என்று தெரியாமலே அவர் "ஆமாம்" என்றுவிட்டு மறுபடி கண்ணை மூடினார்.

"வருத்தமா இருக்கும்மா," என்றார் தலைவர். "ஆர்வம் இருக்கு. ஆனா கோப்பு அறைங்கிறது பொறுப்பான இடம். ஒரு காகிதம் தவறினா ஒரு மனுஷன் வாழ்க்கையே தவறிடும். அதை உணர்ந்தவங்கதான் இங்க உட்கார முடியும். நீங்க சொல்றதெல்லாம்..." அம்மையார் முத்திரையை நகர்த்தி வைத்தார். "தொடர்பற்ற அனுபவம்."

மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தலை குனிந்தேன். முக்காலி அவ்வளவு தாழ்வாக இருந்ததால் மேசைக்கு அடியில், எதிர்ப்பக்கம் முழுவதும் தெரிந்தது. தினமும் நானூறு மடிப்புகளின் ஓரத்தைப் பார்க்கிற கண். எந்த அடுக்கைப் பார்த்தாலும் எண்ணாமல் இருக்காது. எண்ணினேன். ஆறு. கீழிருந்து நான்காவது, பச்சை நாடா கட்டிய கோப்பு. அதன் ஓரத்தில் ஒரு கறை: விளிம்பில் அடர்ந்து, நடுவில் வெளுத்து. மருந்து அப்படிக் காயாது. ரத்தம் அப்படிக் காயாது. தேநீர்தான் அப்படிக் காயும்.

அம்மையார் முத்திரையை மைத்திண்டில் அழுத்தினார்.

"சார்," என்றேன். "உங்க கோப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

தூங்கிக்கொண்டிருந்தவரும் விழித்தார்.

"என்ன சொன்ன?"

"பச்சை நாடா, டீக் கறை. இந்தக் கட்டடத்துலதான் இருக்கு. நான் பார்த்தேன்."

"எங்க?"

"அது கோப்பு அறை எழுத்தர் சொல்ல வேண்டிய விஷயம் சார். நான் துணி துவைக்கிறவ."

"ஆறு," என்றார் அம்மையார், பழக்கத்தில்.

"நீங்க சும்மா இருங்க!" என்றார் தலைவர். என் பக்கம் திரும்பியபோது குரலில் வெண்ணெய் இருந்தது. "தாயி, இது விளையாட்டில்ல. எங்க இருக்குன்னு சொல்லு. உன் விஷயத்தை அடுத்த வருஷம் கண்டிப்பா..."

"அடுத்த வருஷம் நீங்க இங்க இருக்க மாட்டீங்களே சார். கோப்பு கிடைச்சா."

அவர் என் படிவத்தை மறுபடி புரட்டினார். முப்பத்துநாலு வருட அனுபவத்தில் இதற்கு ஒரு பதில் இருந்திருக்க வேண்டும். அந்த அனுபவத்துக்கான ஆதாரம்தான் கையில் இல்லை.

"இது மிரட்டல்," என்றார் அம்மையார்.

"உங்க புத்தகத்துல பாருங்க மேடம்," என்றேன். "வலப்பக்கம் என்ன போட்டிருக்கு?"

அம்மையார் மனசாட்சி உள்ளவர், பார்த்தார். அகராதியைப் புரட்டி அறுபத்தோராம் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, உரக்கப் படித்தார். "மிரட்டல்: இருதரப்பு நலன்களை இணைத்து உடன்பாடு எட்டும் உயர்நிலைத் திறன்." நிமிர்ந்தார். "சார், இதுக்கு இருபது மதிப்பெண் இருக்கு. மற்ற எல்லாத்தையும் விட அதிகம்."

"அப்ப போடுங்க!"

"சதவிகிதம் வேணுமே சார்."

"முப்பத்தேழு," என்றேன்.

"ஆகா," என்றார் அம்மையார். "நல்ல எண்."

நியமன ஆணையைத் தலைவர் தன் கையாலேயே எழுதினார். நான் எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்த்தேன். தேதி போடச் சொன்னேன், போட்டார். முத்திரை கேட்டேன். அவர்கள் எடுத்தது "தொடர்பற்ற அனுபவம்". வேறு முத்திரை வேண்டும் என்றேன். உதவியாளர் இரண்டு மாடி இறங்கி, அலுவலக முத்திரையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். ஆணையின் ஒரு பிரதியை அவர் அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு வரும்வரை நான் முக்காலியை விட்டு அசையவில்லை. அசல் மடித்து என் இடுப்பில் இருந்தது.

"இப்பவாவது சொல்லும்மா," என்றார் தலைவர். "எங்க இருக்கு?"

இப்போது நான் அந்த அலுவலகத்தின் கோப்பு அறை எழுத்தர். கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியது என் கடமை. முக்காலியிலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"கொஞ்சம் எழுந்திருங்க சார்," என்றேன்.